போர்க்களத்தில் எடுத்த வாழ்த்துக் கொடி யாருக்குச் சொந்தம்?

பழஞ்சுவடி எழுதியது:

2017 ஆகஸ்ட் மாதத்தில் மார்வின் ஸ்ட்ராம்போ என்ற 93 வயது அமெரிக்க முன்னாள் படைவீரர், ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே தேயிலை விளையும் ஹிகாஷிஷிராகாவா என்ற சிற்றூருக்குச் சென்று, 73 ஆண்டுகளாகத் தம் வீட்டில் வைத்திருந்த ஒரு கொடியை அவ்வூர் யாசுயே குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார். 1944இல் பசிபிக் கடலிலுள்ள சைப்பான் தீவில் நடந்த போரின்போது, தம் அணியிலிருந்து பிரிந்து தனியாக நடந்துகொண்டிருந்த அவர், இடப்பக்கமாகச் சாய்ந்து உறங்குவதைப்போல் கிடந்த ஒரு ஜப்பானிய வீரரின் உடலைக் கண்டார். அந்த உடலோடு இருந்த கொடியை எடுக்க அவர் முதலில் தயங்கினார். தாம் எடுக்காவிட்டால் பின்னால் வரும் வேறொருவர் எடுத்துக்கொண்டுபோய், அது இருந்த இடமே தெரியாமல் போய்விடும் என்று எண்ணிய பிறகே எடுத்துக்கொண்டார்.

இவ்வகைக் கொடியை ஜப்பானியர் யோசெகாகி ஹினோமாரு என்று சொல்வார்கள். போருக்குப் புறப்படும் இளைஞனுக்காக வெள்ளைப் பட்டிலோ பருத்தியிலோ ஆன தேசியக் கொடியை வாங்கி, நடுவிலுள்ள செஞ்சூரியனைச் சுற்றிக் குடும்பத்தார், அண்டை வீட்டார், ஆசிரியர், உடன் வேலை செய்தவர் எனப் பலரும் தூரிகையால் பெயரெழுதிக் கொடுப்பது வழக்கம். போர்க்களத்தில் நல்லூழ் நீடிக்கவேண்டும் என்ற பொருளுடைய நான்கு எழுத்துகள் பெரும்பாலும் மேற்புறத்தில் பெரிதாக இருக்கும். அதை மடித்துச் சீருடைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார்கள். யாசுயே வீட்டுக் கொடியில் 180 பேர் கையெழுத்திட்டிருந்தனர். கொடி திரும்பி வந்தபோது அவர்களில் ஏழு பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள்.

கொடியைப் பெற்றுக்கொண்டவர் இறந்த வீரரின் தம்பி. அவருக்கு அப்போது 89 வயது. அவர் அதில் முகத்தைப் புதைத்து முகர்ந்து பார்த்தார். அண்ணனின் உடல் அக்குடும்பத்துக்கு வரவே இல்லை. உடலுக்கு மாற்றாக அரசு அனுப்பிய மரப்பெட்டியில் சில கற்களே இருந்தன. அவர் எங்கே, எப்படி இறந்தார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஸ்ட்ராம்போ வந்தபிறகுதான், காரப்பான் நகரத்தின் புறத்தே அவர் கிடந்தார் என்பதும், உடலில் காயம் எதுவும் தென்படவில்லை என்பதும், அருகில் விழுந்து வெடித்த குண்டின் அதிர்ச்சியில் இறந்திருக்கக்கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரியவந்தன.

படைவீரர்கள் போர்க்களத்திலிருந்து எடுத்துவரும் நினைவுப் பொருள்களைப் பற்றி எல்லோரும் பேசவேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அப்படி எடுப்பது களவா, வைத்திருப்பது குற்றமா, திருப்பித் தருவது கடமையா என்று தனித்தனியாகக் கேட்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாசுயே குடும்பத்துக்குக் கொடி எவ்வளவு முக்கியமோ, அதோடு வந்த சாட்சியமும் அவ்வளவு முக்கியம். பொருளை எடுத்தவருக்கு அதை எடுத்த இடத்தைச் சொல்லும் கடன் உண்டு என்று நான் நம்புகிறேன்.

செங்காந்தள் எழுதியது:

நண்பர் பழஞ்சுவடி அவர்களுக்கு வணக்கம். களவா என்ற கேள்விக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

காயமடைந்தோரையும் நோயுற்றோரையும் பற்றிய 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு, போர்க்களத்திலோ இறந்தவர் உடலிலோ கிடைக்கும் தனிப்பட்ட உடைமைகளைத் திரட்டி எதிர்த்தரப்புக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று சொல்கிறது. படைவீரர் அணியும் அடையாள வில்லையின் ஒரு பாதியை அனுப்பவேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. இறந்தவரின் கடிதம், குடும்பப் புகைப்படம், பெயர் எழுதிய கொடி ஆகியவை தனிப்பட்ட உடைமைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. துப்பாக்கி, வாள், தலைக்கவசம் போன்றவை வேறு வகை. படைக்கலன்கள் வென்ற தரப்பு அரசுக்குச் சேர்வன. அந்த அரசு விரும்பினால் தன் வீரனுக்கு அவற்றை விட்டுக்கொடுக்கலாம்.

நடைமுறை இதற்கு வெகு தொலைவில் இருந்தது. சிறிய கைப்பற்றுப் பொருள்களைத் தம் மேலதிகாரியின் சான்றுத் தாளோடு ஊருக்குக் கொண்டுவரவும் அஞ்சலில் அனுப்பவும் அமெரிக்கப் போர்த்துறை 1944இல் வழிவகை செய்தது. அந்தச் சான்றுத் தாள் இன்றைக்கும் சேகரிப்பாளரிடையே நல்ல விலை பெறுகிறது. உடலுறுப்புகளை எடுப்பது மட்டும் தெளிவாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. எதிரியின் உடலின் எந்தப் பகுதியையும் நினைவுப் பொருளாக்கக் கூடாது என்று பசிபிக் கடற்படைத் தலைமை 1942 செப்டம்பரிலேயே ஆணையிட்டது. அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் காட்டும். 1944இல் ஜப்பானிய வீரர் ஒருவரின் கை எலும்பில் செய்த காகிதக் கத்தியை ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதிபர் பிறகு அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

படைத்தலைமைகளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஜப்பானிய வீரர்கள் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர்கள். அந்தக் குறிப்பேடுகளில் படைப்பிரிவின் பெயர், நகர்வு, உணவு நிலை எல்லாம் இருக்கும். வீரர்கள் அவற்றை நினைவுப் பொருளாகப் பைக்குள் போட்டுக்கொண்டதால், உளவுப் பிரிவுக்குப் போகவேண்டிய செய்தி போகாமல் நின்றது. ஆகவே கைப்பற்றியதை முதலில் மேலே கொடுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள்.

இறந்தவர் உடலிலிருந்து எடுத்ததுதான் என்று எல்லாக் கொடிகளைப் பற்றியும் சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்னணிக்கே போகாத மாலுமிகளும் விமானப்படையினரும் நினைவுப் பொருளுக்காகப் பணமும் பண்டமும் கொடுக்கத் தயாராக இருந்ததால், அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினர் கிடைத்த துணியில் தாமே கொடி தயாரித்து விற்றார்கள். ஒரு கொடி ஒருவர் பெட்டியில் இருப்பதனால் மட்டும் அவர் ஒரு பிணத்தைத் தடவினார் என்ற முடிவுக்கு வரக் கூடாது.

கரிசல்காட்டான் எழுதியது:

செங்காந்தள் தந்த விவரங்களுக்கு நன்றி. ஆனால் சட்டப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு இருபது வயதுப் படைவீரனை எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நேற்றுவரை பக்கத்தில் படுத்திருந்தவன் இன்றைக்கு இல்லை என்ற நிலையில், காலையில் எழுந்தால் மாலைவரை இருப்போமா என்று தெரியாத ஒருவன், எதிரியிடமிருந்து ஒரு துணியை எடுத்து மடித்து வைத்துக்கொள்கிறான். நான் அந்த இடத்தில் இருந்தேன், உயிரோடு திரும்பினேன் என்பதற்கு அவனிடம் உள்ள ஒரே தடயம் அதுதான். ஊருக்குத் திரும்பிய பிறகு பெரும்பாலோர் போரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தப் பொருள்தான் அவர்களுக்காகப் பேசியது. ஸ்ட்ராம்போவேகூட அதைத் தம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டிருந்தார். அதை அவமதிப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு உண்மையான வருத்தம் அடுத்த தலைமுறையின்மீதுதான். தந்தை இறந்ததும் வீட்டைக் காலிசெய்யும் பிள்ளைகள், பரணில் கிடைத்த கொடியைப் படமெடுத்து இணைய ஏலத்தில் போட்டுவிடுகிறார்கள். வாங்குபவர் வேறொருவருக்கு விற்கிறார். மூன்றாம் கை மாறும்போது, அது சைப்பானில் எடுத்ததா, பிலிப்பைன்ஸில் எடுத்ததா, எந்தப் படைப்பிரிவு வீரர் கொண்டுவந்தார் என்ற செய்தியெல்லாம் உதிர்ந்துபோய் வெறும் சந்தைச் சரக்காகிவிடுகிறது. வீரன் அதை எடுத்தபோது செய்த தவற்றைவிட, கதையைப் பிரித்துவிட்டுத் துணியை மட்டும் விற்கும் தவறு பெரிது. போரில் அவனுக்கு இருந்த நெருக்கடி எதுவும் இவர்களுக்கு இல்லை.

திருப்பித் தருவது எல்லா இடத்திலும் வரவேற்கப்படும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பழைய துயரத்தை மறுபடி கிளற விரும்பாத குடும்பங்கள் உண்டு. முகமறியாத ஒரு கொள்ளுத்தாத்தாவின் கொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத இளையவர்களும் உண்டு. அவர்களைக் கேட்காமல் கொண்டுபோய்க் கையில் திணிப்பது நல்லதல்ல.

பேராக் ஆற்றங்கரை எழுதியது:

நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் என்னால் மேலே நகர முடியவில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை என்று கருதுகிறேன்.

என் தாத்தாவின் தமையனாரைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ஏற்றிக்கொண்டு போனார்கள். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியப் படை போட்ட இருப்புப்பாதைக்காக, 1942, 1943 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டவர்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று கணிக்கிறார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொண்டுபோயின. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு யாரும் பேரேடு வைக்கவில்லை. காட்டில் எரித்தார்கள், அல்லது குழியில் தள்ளினார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கல் வைத்த பெட்டிகூட வரவில்லை. அவர் திரும்பவில்லை என்பதைக் கொண்டுதான் அவர் இறந்தார் என்று அறிந்துகொண்டோம். அப்படியிருக்க, அந்தப் படையைச் சேர்ந்த ஒருவரின் பெயரைத் தேடிக் கடல்கடந்து கொடி கொண்டுபோவதைப் படிக்கும்போது, 180 பேர் கையெழுத்திட்டு வழியனுப்பிய அந்த இளைஞர்களின் கைகளில்தானே எங்கள் தாத்தாக்களை அடித்த பிரம்பு இருந்தது என்ற எண்ணம் எழுகிறது. இந்தக் கொடி ஒரு தாயின் வேண்டுதல் மட்டுமல்ல. ஊர் கூடி ஒருவனைப் பேரரசின் போருக்கு அனுப்பிய சடங்கின் பகுதியும்கூட. அதைச் சொல்லாமல் கண்ணீரை மட்டும் சொன்னால் கதை பாதியாகிவிடும்.

பழஞ்சுவடி எழுதியது:

பேராக் ஆற்றங்கரை அவர்களுக்கு: நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க எனக்கு மனமில்லை. இந்தக் கொடிகளைப் பற்றிய செய்திகள் பலவற்றில், அந்தப் படை நான்ஜிங்கிலும் மணிலாவிலும் சயாமிலும் என்ன செய்தது என்பது ஒரு சொல்லாகக்கூட வருவதில்லை. இது பெரிய குறைதான்.

ஆயினும் கொடிக்குரிய தனி ஒருவர் யாரையும் அடித்தாரா என்பது நமக்குத் தெரியாது. அந்தக் குடும்பம் உடலைத் தேடி நின்றது என்பது மட்டும் தெரியும். வெளிநாடுகளிலும் இவோ ஜிமா, ஒகினாவா ஆகிய இடங்களிலும் இறந்த ஜப்பானியர் ஏறத்தாழ 24 லட்சம் பேர். அவர்களில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் இன்னும் மீட்கப்படவில்லை. எலும்பு மீட்பை அரசின் பொறுப்பாக வரையறுத்து 2016இல்தான் தனிச் சட்டம் இயற்றினார்கள். எலும்பும் கிடைக்காத வீடுகளில் அந்தக் கொடிதான் உடலின் இடத்தில் வைக்கப்படுகிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி துறைமுகத்தில் லெக்சிங்டன் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே 29 ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்த ஒரு கொடியை 2023 ஜூலையில் டோக்கியோவுக்கு எடுத்துவந்து, சைப்பானில் இறந்த அதன் உரிமையாளரின் மகனிடம் ஒப்படைத்தார்கள். தந்தையைக் கடைசியாகப் பார்த்தபோது ஐந்து வயதுச் சிறுவனாக இருந்த அவருக்கு அப்போது 83 வயது. அவருடைய தாயார் 102 வயதுவரை வாழ்ந்து, கொடியைக் காணாமலே இறந்துபோனார். கிஃபுவிலிருந்து டோக்கியோவுக்கு ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் பேருந்தில் வந்து, போரில் இறந்தோரோடு போர்க்குற்றவாளிகளையும் சேர்த்து வணங்கும் யாசுகுனி ஆலயத்தில் கணவருக்காக வணங்கிவிட்டுப் போனவர் அவர். அந்த ஆலயத்தைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் உள்ள மறுப்பு வேறு. கிழவி ஒருத்தி பேருந்தில் வந்துபோனது வேறு.

உங்கள் தாத்தாவின் தமையனாருக்கு மறுக்கப்பட்டது இதுவேதான் என்று எண்ணுகிறேன்: அவர் இறந்த இடத்தைப் பார்த்த ஒருவர் வந்து வீட்டில் சொல்வது. அந்த உரிமை உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

பாலாற்றங்கரை எழுதியது:

இவ்விழையை முதலிலிருந்து படித்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு கொடி இருக்கிறது. வேலூர்ப் பக்கத்தில் படைக்குப் போன குடும்பங்கள் மிகுதி என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். என் பாட்டியின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் படை லாரி ஓட்டினார். அவர் மறைந்தபின் அவருடைய தகரப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் அவருடைய சம்பளப் புத்தகம், பர்மா ஸ்டார் பதக்கம், ஒரு மொட்டைக் கத்தி, அடியில் வேட்டித்துண்டில் சுற்றிய இந்தக் கொடி ஆகியவை இருந்தன.

இரண்டு முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் உள்ள மெல்லிய பட்டு அது. வெண்மை போய்ப் பழுத்த ஓலையின் நிறத்துக்கு வந்துவிட்டது. நடுச் சிவப்பு இன்னும் மங்கவில்லை. ஒரு பக்க விளிம்பின் இரு மூலைகளிலும் சிறிய முக்கோணத் தோல் துண்டுகளைத் தைத்து ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஓர் ஓட்டையில் முறுக்கிய கயிறு இருக்கிறது, மற்றதில் இல்லை. மடிப்புகள் குறுக்கிடும் இடங்களில் இழை விட்டுப்போயிருக்கிறது. சிவப்பு வட்டத்திலிருந்து வெளிநோக்கி எல்லாப் பக்கமும் கருமையால் எழுதியிருக்கிறார்கள். சில எழுத்துகள் தேர்ந்த கையால் ஒரே வீச்சில் எழுதப்பட்டவை. ஓரிடத்தில் மட்டும், எழுதப் பழகும் குழந்தையின் கை என்று பார்த்தவுடன் தெரியும்படி, கோணலும் பெரிதுமாக ஒரு பெயர் இருக்கிறது. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரி மற்றவற்றைவிடப் பெரிதாக உள்ளது. கீழ்மூலையில் உள்ளங்கையளவு பழுப்புக் கறை உண்டு. அது என்ன என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

பெரியவர் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. என் அம்மாவுக்கு நினைவிருப்பது இரண்டே செய்திகள்தாம். தமு என்ற ஊரில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் வண்டி ஓட்டினோம் என்று ஒருமுறை சொன்னாராம். ஆற்றின்மேல் படகுகளை வரிசையாக நிறுத்தி இரும்புப் பாலம் போட்டார்கள், அதன்மேல் லாரியோடு போகும்போது கீழே தண்ணீர் ஆடியது என்று இன்னொரு முறை சொன்னாராம். இதை என்ன செய்வது என்று எனக்கு வழிகாட்டுங்கள். விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார்; நான் கொடுக்கவில்லை.

செங்காந்தள் எழுதியது:

பாலாற்றங்கரை அவர்களே, உங்கள் அம்மாவின் இரண்டு நினைவுகளும் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய செய்திகள்.

1944 மார்ச்சில் இம்பாலையும் கோகிமாவையும் நோக்கிப் படையெடுத்த ஜப்பானின் 15ஆம் படை, ஜூலையில் படையெடுப்பைக் கைவிட்டு, கொட்டும் மழையில் பர்மாவின் சிண்ட்வின் ஆற்றை நோக்கிப் பின்வாங்கியது. உணவு வழங்கல் முற்றாக நின்றுபோயிருந்தது. அந்தப் படையெடுப்பில் இறந்த ஜப்பானியர் ஏறத்தாழ 30,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் பசியாலும் வயிற்றுப்போக்காலும் மலேரியாவாலும் இறந்தவர்கள். அவர்கள் பின்வாங்கிய வழியை வெள்ளெலும்புச் சாலை என்றே ஜப்பானியர் அழைக்கிறார்கள். தமு அந்த வழியில்தான் இருக்கிறது. ஆகஸ்டில் பிரிட்டிஷ் தரப்பின் 14ஆம் படையினர் அங்கே நுழைந்தபோது, புதைக்கப்படாத உடல்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டதன் காரணம் இதுவாக இருக்கவேண்டும். படகுகளின்மேல் போட்ட இரும்புப் பாலம், கலேவாவில் 1944 டிசம்பரில் சிண்ட்வின் குறுக்கே அமைத்த, இரும்புத் துண்டுகளை இணைத்து விரைவில் போடும் பெய்லி பாலமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. 1,100 அடிக்கும் மேல் நீளமான அது, அந்நாளில் அவ்வகைப் பாலங்களிலேயே நீளமானது என்று பெயர்பெற்றது. ஆக, பெரியவர் அந்த ஆண்டின் பிற்பகுதியில் தமு–கலேவா வழியில் வண்டி ஓட்டினார் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். கொடியையும் அந்த வழியில் எடுத்திருந்தால், அதற்குரியவர் நோயிலோ பசியிலோ இறந்தவராக இருக்கக்கூடும். வேறொருவர் எடுத்து இவரிடம் கொடுத்திருக்கவும் கூடும்.

முதலில் கொடியைக் காப்பாற்றுங்கள். துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்து வெயில்படும் சுவரில் மாட்ட வேண்டாம். கறையைப் போக்க முயலவே கூடாது. பழைய மடிப்புகளின் மேலேயே மறுபடி மடித்தால் பட்டு அறுந்துவிடும். அமிலமில்லாத தாளை இடையில் வைத்து, ஓர் அட்டைக் குழலில் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். பூச்சி உருண்டை துணியில் நேராகப் படக் கூடாது.

பிறகு படமெடுங்கள். முழுக் கொடி ஒன்று, நான்கு மூலைகள், எழுத்துகள் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக, பின்பக்கமும் சேர்த்து. ஃபிளாஷ் விளக்கை நேராக அடிக்காமல் பகல் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. வலது ஓரத்துப் பெரிய வரி பெரும்பாலும் கொடிக்குரியவரின் பெயராக இருக்கும். ஆனால் பெயரை மட்டும் வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது அரிது, ஏனெனில் கொடியில் ஊர் பெயர் இல்லாமல் போவதே மிகுதி. ஆலய முத்திரை, பள்ளி அல்லது தொழிற்சாலையின் பெயர், ஒரே வட்டாரத்தில் மட்டும் வழங்கும் குடும்பப் பெயர்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தித்தான் தேடுகிறார்கள். அந்தக் கோணல் எழுத்துப் பெயர் தம்பியோ தங்கையோ எழுதியதாக இருந்தால், அது தேடுபவர்களுக்கு மிகவும் உதவும்.

போலிகள் ஏராளம் என்பதால், புற ஊதா விளக்கில் ஒருமுறை பார்ப்பது நல்லது. பிற்காலத் துணியும் நூலும் வெளுப்பூட்டிகளால் நீலமாக ஒளிரும். பழைய பட்டு அப்படி ஒளிராது. நீங்கள் சொல்லும் தோல் மூலையும் முறுக்குக் கயிறும் உண்மையானவற்றில் காணப்படுபவைதாம்.

அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் அஸ்டோரியா என்ற ஊரில் ஓபான் சொசைட்டி என்ற அமைப்பு இருக்கிறது. ரெக்ஸ் ஸியாக், கேகோ ஸியாக் என்ற கணவன் மனைவி 2009இல் தொடங்கியது அது. கேகோவின் தாத்தாவும் பர்மாவில்தான் காணாமல்போனார். அவருடைய கொடியை ஒரு கனடாக்காரர் 2007இல் திருப்பித் தந்ததிலிருந்தே இந்த வேலை தொடங்கியது. அவர்கள் இதற்காகப் பணம் கேட்பதில்லை. முதலில் படங்களை அனுப்பி எழுதுங்கள். கரிசல்காட்டான் சொன்னதற்கும் இதில் விடை உண்டு, ஏனெனில் குடும்பத்தைக் கண்டுபிடித்ததும் அவர்கள் முதலில் விருப்பம் கேட்கிறார்கள்.

பேராக் ஆற்றங்கரை எழுதியது:

பழஞ்சுவடியின் மறுமொழியை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்; தீரவும் வேண்டியதில்லை. ஆனால் இம்பாலிலும் கோகிமாவிலும் ஜப்பானியரோடு சேர்ந்து போனவர்களில் இந்திய தேசிய ராணுவத்தினரும் இருந்தார்கள், அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த எங்கள் இளைஞர்களும் இருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. தமு வழியில் கிடந்த உடல்களைத் தமிழ் லாரி ஓட்டுநர் ஒருவர் கடந்துபோனார் என்றால், இந்தப் போரில் நம்மவர் எல்லாப் பக்கமும் நின்றார்கள்.

பாலாற்றங்கரை அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. கொடியை அனுப்புங்கள், நான் தடுக்கவில்லை. அதோடு போகும் கடிதத்தில் பெரியவரின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் எடுத்தார் என்றோ, ஏதோ ஓர் இந்தியர் எடுத்தார் என்றோ அங்கே பதிவாகிவிடக் கூடாது. நம் ஆட்களின் பெயர் எழுதாமல் விட்டுப்போனது போதும்.

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொடியைச் சுருட்டி வைத்துவிட்டேன். படங்களும் எடுத்தாகிவிட்டது. பாட்டியின் கடைசித் தங்கை திருவலத்தில் இருக்கிறார். அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. அவரிடம் கேட்டேன். அண்ணன் ஊருக்கு வந்த முதல் வாரத்தில் அந்தத் துணியைத் துணி உலர்த்தும் கயிற்றில் காயப்போட்டதாகவும், அவர்களுடைய அம்மா அதைக் கண்டு எரித்துவிடச் சொன்னதாகவும், செத்தவன் வீட்டில் கேட்டால் கொடுக்கவேண்டும் என்று அண்ணன் சொல்லி எடுத்து வைத்துவிட்டதாகவும் சொன்னார். யார் கேட்பார்கள் என்று பெரியவர் நினைத்தார், எப்படிக் கேட்பார்கள் என்று நினைத்தார் என்பது இப்போது யாருக்கும் தெரியாது. அதை அப்படியே கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டேன்.

கடிதத்தில் எதையெல்லாம் எழுதவேண்டும் என்பதை மட்டும் யாராவது சொன்னால் இந்த வாரமே அனுப்பிவிடுவேன்.

பழஞ்சுவடி எழுதியது:

பெரியவரின் பெயர், ஊர், படைப் பிரிவு, படை எண் ஆகியவை சம்பளப் புத்தகத்தில் இருக்கும், அப்படியே எடுத்தெழுதுங்கள். தமுவையும் பாலத்தையும் பற்றி அம்மா சொன்னதை அம்மாவின் சொற்களிலேயே எழுதி, இவை அவர் நேரில் கேட்டவை என்று குறிப்பிடுங்கள். செங்காந்தள் கூட்டிச் சேர்த்த இடமும் மாதமும் நம் ஊகம் என்பதால், அவற்றைத் தனிப் பத்தியில் வையுங்கள். இரண்டும் கலந்துவிட்டால், பின்னால் படிப்பவர் எதைப் பார்த்தது, எதை ஊகித்தது என்று பிரிக்க முடியாமல் போகும். பாட்டியின் தங்கை சொன்னதை ஒரு வரியும் குறைக்காமல், பெரியவரின் அம்மா எரிக்கச் சொன்னது உட்பட எழுதுங்கள். கறையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். பெட்டியைத் திறக்கும் குடும்பத்தார் அதை எதிர்பாராமல் காணக் கூடாது. கடிதத்தைத் தமிழிலேயே எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு படியை உங்கள் வீட்டிலும், பெரியவரின் பதக்கம் இருக்கும் அதே பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.